காலி இருக்கையும் மூடிய கதவும்

முதலாண்டுத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் ஏதேனும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் அலுவலகச் சாளரத்தின் முன் சிறிது நேரம் நின்று பார்த்தால் இந்தக் காட்சியைக் காணலாம். பிளாஸ்டிக் உறைக்குள் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு ஒரு மாணவி நிற்கிறார். பக்கத்தில், அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கும் தந்தை. இரண்டு பருவத் தேர்வுகளிலும் மகளுக்கு அரியர் இல்லை. சராசரி ஒன்பதுக்கு மேல். இதைவிட நல்ல கல்லூரியில் படிக்க வேண்டும் என்று விரும்புகிறார். சாளரத்தின் உள்ளிருந்து 'நோ டியூஸ்' படிவம் நீட்டப்படுகிறது. நூலகம், ஆய்வகம், விடுதி, பேருந்து, துறைத் தலைவர் என்று கையொப்பங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. கடைசிக் கட்டம் கணக்குப் பிரிவு. "மீதி மூணு வருஷத்து ஃபீஸையும் கட்டிட்டு சர்டிஃபிகேட்டை வாங்கிக்கங்க சார்" என்கிறது உள்ளிருந்து வரும் குரல்.

அந்தத் தந்தை எங்கோ கடன் வாங்கிச் சான்றிதழ்களை மீட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து மகள் எங்கே போவார்? சிறந்த கல்லூரி ஒன்றின் இரண்டாம் ஆண்டில், பெற்ற மதிப்பெண்ணைக் காட்டிப் போட்டியிட்டுச் சேர அவருக்கென்று ஒரு பொதுக் கலந்தாய்வு கிடையாது. ஓராண்டுப் படிப்பையும் கட்டிய பணத்தையும் கைகழுவிவிட்டு, மறுபடி முதலாண்டில் முதல் நாளிலிருந்து தொடங்குவதுதான் அவருக்கு எஞ்சியிருக்கும் வழி. இதை ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட இடர் என்று கடந்துபோக நம்மால் இயலவில்லை. ஒருமுறை பிரித்து அடுக்கிய மாணவர்களை மறுபடி திரும்பிப் பார்க்க மறுக்கும் ஓர் அமைப்பின் குறை இது. அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பிரிப்பு எப்படி நடக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் விலக்கப்பட்டது. அது கிராமப்புற மாணவருக்கு நன்மை செய்த முடிவு என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன்பின் பிளஸ் டூ கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிட்ட 200க்கான கட்‑ஆஃப் மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரை மதிப்பெண் குறைந்தால் தரவரிசையில் ஒரு பெருங்கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். மதிப்பெண் சமமானால் கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, அங்கும் சமமானால் கணினி ஒதுக்கிய ரேண்டம் எண் முடிவு செய்கிறது. ஆயிரக்கணக்கானோருக்கு இடம் ஒதுக்க ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும், அதில் தவறில்லை. பதினேழு வயதில், சில நாள் தேர்வில், சில சமயம் ஒரு ரேண்டம் எண்ணில் முடிவான வரிசையை, அதன்பின் எந்த உழைப்பாலும் திருத்த முடியாது என்று வைத்திருப்பதுதான் தவறு.

கல்லூரியின் முதலாண்டு வெறும் பாடத்திட்டத்தின் முதல் பகுதி மட்டுமல்ல. தமிழ்வழியில் படித்துவந்த மாணவர் ஆங்கிலத்தில் எழுதப் பழகுவது அந்த ஆண்டில்தான். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர், விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது எப்படி, ஆய்வகப் பதிவேட்டை எழுதுவது எப்படி என்று யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொள்வதும் அப்போதுதான். பள்ளியில் பின்தங்கியிருந்தவர் முன்னுக்கு வருகிறார். தனிப்பயிற்சியின் துணையால் முன்னுக்கு வந்தவர் சில சமயம் பின்தங்குகிறார். ஒரு மாணவரின் திறன் அவர் பிறந்த வீட்டின் வசதியிலிருந்து விலகித் தெளிவாகத் தெரியத் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். அப்படித் தெரியத் தொடங்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, சமூக நீதியைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

ஒன்றிய அரசு இந்தக் கதவைத் திறப்பதாக வாக்களித்தது. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு கல்விக் கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஒரு மாணவர் ஓரிடத்தில் படித்துச் சேர்த்த கிரெடிட்களை ஏழு ஆண்டுகள் வரை கணக்கில் வைத்திருக்கலாம். வேறு நிறுவனத்தில் அவற்றைப் பயன்படுத்திப் படிப்பைத் தொடரலாம். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் பாதிக் கிரெடிட்களையேனும் பெற்றிருக்க வேண்டும். ஓராண்டுக்கு 40 கிரெடிட் என்ற கணக்கில், முதலாண்டு முடித்து இடம்மாறுபவர் நான்காண்டுப் படிப்பில் கால் பங்கை மட்டுமே முந்தைய கல்லூரியில் முடித்திருப்பார். விதிமுறை அவருக்குத் தடையே அல்ல.

ஆனால் நடைமுறையில் என்ன கிடைத்தது? கணக்கு எண் கிடைத்தது. செயலியில் கிரெடிட் தெரிகிறது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து ஓர் இடம் கேட்கச் சாளரம் இல்லை. எந்தச் சிறந்த நிறுவனமும் வெளியிலிருந்து வரும் மாணவருக்காக இரண்டாம் ஆண்டில் இத்தனை இடங்களை வைக்க வேண்டும் என்று விதிமுறை கட்டாயப்படுத்தவில்லை. ஓராண்டில் சான்றிதழ், இரண்டாண்டில் பட்டயம் என்று வெளியேறும் வாயில்கள் மட்டும் அகலமாகத் திறந்திருக்கின்றன. பலமுறை வெளியேறும் முறை ஏழை மாணவரை இடைநிற்றலுக்குத் தள்ளும் என்ற எச்சரிக்கை தமிழ்நாட்டிலிருந்து வலுவாக எழுந்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் வெளியேறுவதைப் பற்றி இவ்வளவு வாதிட்ட இரு தரப்பும், நுழைவதைப் பற்றி ஒரு வார்த்தையும் உறுதியாகச் சொல்லவில்லை. பணம் எடுக்கவே முடியாத வங்கியில் கணக்கு வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை.

இது செய்ய முடியாத காரியம் என்று சொல்வோருக்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. மருத்துவக் கல்வியில் 1997 விதிமுறைகளின் கீழ், முதல் தொழில்முறைத் தேர்வில் தேறிய எம்.பி.பி.எஸ். மாணவர் உண்மையான காரணம் இருந்தால் வேறு மருத்துவக் கல்லூரிக்கு மாறலாம் என்றிருந்தது. ஒரு கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடாது, அதே நகருக்குள் மாறக் கூடாது, தேர்வு முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்புகளும் இருந்தன. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் அந்தக் கதவை முழுவதுமாக மூடியது. பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர் தொடுத்த வழக்கில், இந்த முழுத் தடை தன்னிச்சையானது என்று கூறி டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. முறைகேடு நடக்கலாம் என்ற அச்சத்துக்கு விடை கண்காணிப்பே. முறைகேட்டைத் தடுக்கத் தெரியாத நிர்வாகம், உரிமையையே எடுத்துவிட்டு அதைச் சீர்திருத்தம் என்று அழைத்துக்கொள்ளக் கூடாது.

தமிழ்நாட்டுப் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டுக் கதவு ஏற்கெனவே ஒரு பிரிவினருக்குத் திறந்தே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள். அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி பல ஆண்டுகளாக நடத்திவந்திருக்கிறது. எத்தனையோ தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பொறியாளராக்கிய வழி அது. தரவரிசை தயாரிப்பது, இட ஒதுக்கீட்டைப் பின்பற்றுவது, விடுபட்ட பாடங்களை இணைப்புப் படிப்பாகப் படிக்கவைப்பது என்று எல்லாவற்றையும் செய்து பழகிய கைகள் நம்மிடம் உண்டு. முதலாண்டு மாணவருக்கும் அப்படி ஒரு கலந்தாய்வை நடத்துவதற்குப் புதிய அறிவு எதுவும் தேவையில்லை. மனம்தான் தேவை.

வெளிநாடுகளில் இது புதுமையும் அல்ல. கலிஃபோர்னியா மாநிலம் 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், சமூகக் கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவைத்து, அங்கே நன்றாகப் படித்தவர்கள் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மாறுவதைக் கொள்கையாகவே ஆக்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990இல் நிறுத்திய இடைச் சேர்க்கையை 2018இல் மறுபடி தொடங்கியபோது, முன்னாள் படைவீரர்களையும் குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களையும் மனத்தில் வைத்தே தொடங்கியது. லாஸ் ஏஞ்சலிஸின் ஆக்சிடென்டல் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு, 1981இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் அதிபரான பராக் ஒபாமா. அங்கும் குறைகள் உண்டு. இடம்மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்களில் 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. கதவைத் திறந்தால் மட்டும் போதாது, கொண்டுவந்த படிப்பை மதிக்கவும் வேண்டும் என்ற பாடத்தை அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, காலி இருக்கைகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சிறந்த பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்த சிலர், மருத்துவ இடமோ ஐ.ஐ.டி. இடமோ கிடைத்ததும் விலகிச் செல்கிறார்கள். கலந்தாய்வு முடிந்தபின் அப்படி விலகினால் அந்த இருக்கை அந்த ஆண்டு நிரம்புவதில்லை. பல சமயம் படிப்பு முடியும்வரை நிரம்புவதில்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற ஒரு நிறுவனத்தின் வகுப்பறையில் ஓர் இருக்கை என்பது பல தலைமுறை வரிப்பணத்தில் உருவானது. அதற்கான பேராசிரியர் இருக்கிறார், ஆய்வகம் இருக்கிறது, விடுதி அறை இருக்கிறது. உட்காரத் தகுதியானவர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லூரியில், ஆசிரியர் பற்றாக்குறையோடு படித்துக்கொண்டிருக்கிறார். பொதுச் சொத்தை இப்படிப் பயனின்றிக் கிடக்க விடுவது நிர்வாக அலட்சியம் என்ற சொல்லுக்குள் அடங்காது. உரியவரிடம் சேர வேண்டியதைச் சேரவிடாமல் தடுப்பதற்கு நேர்மையான பெயர் அநீதி.

இரண்டாவது அநீதி, நாம் தொடக்கத்தில் கண்ட சாளரத்தில் நடப்பது. இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. மாணவர் எந்தக் கட்டத்தில் விலகினாலும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான கட்டணத்தைக் கேட்கக் கூடாது. சான்றிதழ்களை ஏழு நாளில் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. 2003இல் இஸ்லாமிய அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம், நடப்பு ஆண்டு அல்லது பருவத்துக்கான கட்டணத்தை மட்டுமே வாங்கலாம் என்றது. இடையில் விலகுவார் என்று கருதும் மாணவரிடம் பிணைப் பத்திரம் கேட்கலாம் என்ற ஒரு வரியும் அந்தத் தீர்ப்பில் உண்டு. கல்லூரிகள் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். பத்திரம் இருப்பதாகக் கருதும் கல்லூரி நீதிமன்றத்துக்குப் போகட்டும். ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட அந்த வரி உரிமை தரவில்லை.

சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. அதைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பது கந்துவட்டிக்காரர் நிலப் பத்திரத்தைப் பிடித்துவைப்பதற்கு ஒப்பான செயல். அதைச் செய்வது கல்வி நிறுவனம் என்பதால் குற்றம் குறைவதில்லை, கூடவே செய்கிறது. விதியை எழுதிவிட்டு மீறுவோரைத் தண்டிக்காமல் இருக்கும் ஒழுங்குமுறை அமைப்புகளும் இந்தப் பழியில் பங்காளிகள். இணைப்பு அந்தஸ்தைத் தருவதும் புதுப்பிப்பதும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. அந்தக் கை ஒருமுறை உறுதியாக அசைந்தால் மாநிலத்தின் எல்லாக் கல்லூரி அலமாரிகளும் மறுநாளே திறக்கும்.

எதிர்வாதங்களை நாம் புறந்தள்ளவில்லை. நல்ல மாணவர்கள் போய்விட்டால் சிறிய கல்லூரிகள் மேலும் நலிந்துவிடும் என்கிறார்கள். இது உண்மையான கவலை. கிராமத்துக் கல்லூரி ஒன்றில் அக்கறையோடு பாடம் நடத்தும் இளம் ஆசிரியர், தன் வகுப்பின் சிறந்த இருவர் விடைபெறும்போது வருந்துவார். ஆனால் மாணவரைப் பூட்டிவைத்து எந்தக் கல்லூரியும் தரம் உயர்ந்ததில்லை. மாணவர் போய்விடக்கூடும் என்ற நிலை வந்தால்தான், ஆசிரியருக்கு உரிய ஊதியம் தரவும் ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்க்கவும் நிர்வாகங்களுக்குத் தோன்றும். தன் மாணவர்களை உயர்ந்த இடங்களுக்கு அனுப்பிவைத்த கல்லூரி என்ற பெயரும் ஒரு பெருமைதான். அதை மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்களை நம்ப முடியாது என்பது அடுத்த வாதம். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் அமைத்துத் தாமே திருத்துகின்றன. அங்கே மதிப்பெண் தாராளமாக வழங்கப்படலாம் என்பது மறுக்கக்கூடியதல்ல. ஆனால் தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளின் பாடத்திட்டமும் வினாத்தாளும் விடைத்தாள் திருத்தமும் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையவை. தானே நடத்திய தேர்வில் தானே வழங்கிய மதிப்பெண்ணை நம்ப மாட்டேன் என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்ல முடியாது. தன்னாட்சிக் கல்லூரி மாணவருக்குக் கணிதம், இயற்பியல், நிரலாக்கம் ஆகியவற்றில் எளிய பொதுத் தேர்வு ஒன்றை வைக்கலாம். மீண்டும் ஒரு நுழைவுத் தேர்வுத் தொழிலும் அதைச் சுற்றிய பயிற்சி மையங்களும் முளைக்காதபடி, அது முதலாண்டில் படித்த பாடத்துக்குள்ளேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது அச்சம்தான் நம்மை மிகவும் தயங்கவைப்பது. இடைச் சேர்க்கை என்ற பெயரில் நிர்வாகங்கள் இடத்தை விற்குமோ? விற்கும், நாம் அனுமதித்தால். ஆகவே இந்தச் சேர்க்கையை ஒரு நாளும் தனித்தனிக் கல்லூரிகளின் விருப்பத்துக்கு விடக் கூடாது. இன்று விதிகளில் வழி இருக்கும் இடங்களிலும் இரு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று வேண்டியிருக்கிறது. செல்வாக்குள்ளவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைப்பது மற்றவருக்கு மூன்று மாதம் அலைந்தும் கிடைப்பதில்லை. வெளிப்படையான தரவரிசையும் பொதுக் கலந்தாய்வும் இருந்தால்தான் அந்தத் தொலைபேசிக்கு வேலை இருக்காது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பல்கலைக்கழகத் துறைகளிலும் அரசு, அரசு உதவிபெறும் பொறியியல் கல்லூரிகளிலும் முதலாண்டு முடிவில் காலியாகும் இடங்களை ஆண்டுதோறும் பாடப்பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். பட்டயதாரர்களுக்கு உரிய இடங்களில் ஒன்றைக்கூடத் தொடாமல், எஞ்சியவற்றை முதலாண்டு மதிப்பெண் அடிப்படையில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நிரப்ப வேண்டும். 69 விழுக்காடு இட ஒதுக்கீடும், 2021 முதல் பொறியியலுக்கும் நீட்டிக்கப்பட்ட அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடும் இங்கும் பொருந்த வேண்டும். மாணவர் பெற்றுவரும் கல்வி உதவித்தொகையும் முதல் பட்டதாரிச் சலுகையும் அவரோடு கூடவே இடம்மாற வேண்டும். விட்டுச்செல்லும் கல்லூரியின் இசைவு தேவை என்ற விதி நீக்கப்பட வேண்டும். ஒரு குடிமகன் தன் படிப்பைத் தேர்ந்துகொள்ள இன்னொருவரின் தயவு எதற்கு? ஒன்றிய அரசின் பங்குக்கு, ஐ.ஐ.டி.களும் என்.ஐ.டி.களும் கிரெடிட் வங்கியின் வழி வரும் மாணவருக்குக் குறைந்தபட்ச இடங்களை ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். அவ்வளவும் செய்ய மனமில்லை என்றால் வங்கி என்ற பெயரையாவது அது கைவிட வேண்டும்.

மாணவருக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கிடைத்த இடத்தைப் பேருந்து நிறுத்தமாகக் கருதி, முதலாண்டு முழுவதும் வகுப்பைப் புறக்கணித்து அடுத்த இடத்துக்காகக் காத்திருப்பது, அந்த இடத்துக்காக ஏங்கிய இன்னொருவருக்குச் செய்யும் தவறு. வேறு வாய்ப்பு உறுதியானவர் கலந்தாய்வுச் சுற்றுகள் முடியும் முன்பே இடத்தை விட்டுக்கொடுப்பது அடிப்படைக் கடமை. பெயர்பெற்ற வளாகத்தில் மட்டுமே அறிவு இருக்கிறது என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியதே. இருக்கும் கல்லூரியிலேயே நல்ல ஆசிரியரைக் கண்டுகொண்டு அங்கேயே தங்கி உயர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். தங்குவதும் போவதும் மாணவரின் முடிவாக இருக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. வேறு வழியில்லாமல் தங்குவதற்கு விசுவாசம் என்று பெயரிட முடியாது.

ஒரு மாணவர் ஓராண்டு உழைத்து, 'நான் இதைவிடக் கடினமான இடத்தில் படிக்கத் தயார்' என்று வந்து நிற்கும்போது, ஒரு சமூகம் அவரை எதிர்கொள்ளும் விதத்தில் அதன் கல்வியின் தரம் தெரிந்துவிடும். நாம் அவருக்கு 'நோ டியூஸ்' படிவத்தை நீட்டுகிறோம். அவர் நூலகத்துக்கும் விடுதிக்கும் தர வேண்டிய பாக்கியைக் கையொப்பம் கையொப்பமாகச் சரிபார்க்கிறோம். நாம் அவருக்குத் தர வேண்டிய பாக்கியைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை. கிண்டியிலோ கோவையிலோ ஒரு வகுப்பறையில் காலியாகக் கிடக்கும் இருக்கைதான் அந்தப் பாக்கி. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அதைத் தீர்ப்பது அரசின் கடமை, பல்கலைக்கழகத்தின் கடமை. தீர்க்காவிட்டால், முடியாததால் தீர்க்கவில்லை என்று அவர்கள் சொல்வதை ஏற்க நாம் ஆயத்தமாக இல்லை.